பாலியல் நல ஆலோசகர் வேலை, காரைக்குடில இருந்துக்கிட்டே செய்ய முடியுமா?

கல்லுக்கட்டி_கயல் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வருஷமா இங்க வாசிச்சுட்டு மட்டும் போயிக்கிட்டு இருந்தேன், இன்னைக்குத்தான் முதல் தடவையா எழுதுறேன், தப்பான பிரிவுல போட்டிருந்தா அட்மின் மாத்திவிடுங்க.

வயசு 27. எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) முடிச்சிட்டு மதுரைல ஒரு தொண்டு நிறுவனத்துல மூணு வருஷம் இருந்தேன், அப்பச்சிக்கு (அப்பாவுக்குத்தான்) உடம்புக்கு முடியாமப் போகவும் வேலையை விட்டுட்டு காரைக்குடிக்கே வந்துட்டேன். அங்க இருந்தப்ப காலேஜ், ஹாஸ்டல், மில்லுன்னு போயி உடல்நல வகுப்பு எடுப்போம், மாதவிடாய், கருத்தடை, எச்ஐவி, சம்மதம்னா என்ன, இப்படி. ஒருநாள் ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல வகுப்பு முடிஞ்சு ப்ரொஜெக்டர் ஒயரைச் சுருட்டிக்கிட்டு இருக்கேன், கால்ல காலிப்பர் (நடக்க உதவுற தாங்கு கம்பி) போட்ட ஒரு பொண்ணு எல்லாரும் போற வரைக்கும் நின்னு, கிட்ட வந்து, "அக்கா, நீங்க இப்ப சொன்னதெல்லாம் எனக்கும் சேத்தியா?"ன்னு கேட்டுச்சு. ஆமாம்மா உனக்கும்தான்னு சொல்லிட்டேன். ஆனா பஸ்ல வரும்போது யோசிச்சா என்னோட நாப்பது ஸ்லைடுல ஒரு படத்துல கூட அந்தப் பொண்ணு மாதிரி ஒரு ஆளு இல்ல. ஒரு திருநங்கை இல்ல, அறுபது வயசு ஆள் இல்ல, கல்யாணம் ஆகாதவுக இல்ல, எல்லாம் ஒரு புருஷன் ஒரு பொண்டாட்டி ஒரு குழந்தை, குடும்பக் கட்டுப்பாடு போஸ்டர்ல சிரிச்சுக்கிட்டு நிக்கிற அதே மூணு பேரு.

அப்ப இருந்து இதையே முழு நேரமா செய்யணும்னு மனசுல உக்காந்துருச்சு. யாரையும் விடாம எல்லாருக்கும் பொருந்துற மாதிரி பாலியல் நலம் சொல்லிக்கொடுக்கிற வேலை. வெளிநாட்டுல இதுக்குன்னே கன்சல்டன்ட் இருக்காக, இன்ஸ்டாகிராம்ல பாக்கிறேன். இங்க அதுக்கு என்ன படிக்கணும், யாரு காசு கொடுப்பாக, ஊருல இருந்துக்கிட்டே நடக்குமா இல்ல சென்னைக்குத்தான் போகணுமா?

வீட்டு நிலைமை வேற. ஜாதகம் போயிக்கிட்டு இருக்கு. கல்யாண வீட்டுல யாராச்சும் "கயலு என்ன பண்றா?"ன்னு கேட்டா அம்மா பட்டுன்னு "ஹெல்த் டிபார்ட்மென்ட்"னு முடிச்சிருவாக. அப்பச்சி ஒண்ணும் சொல்றதில்ல, பேப்பரைத் தூக்கி மூஞ்சிக்கு நேரா பிடிச்சுக்குவாக. ஆயா மட்டும் வெத்தலை இடிச்சுக்கிட்டே "அதென்ன வேலைடி, விளங்கச் சொல்லு"ன்னு கேட்டாக, எனக்கே விளங்கச் சொல்ல வரல.

தேவகோட்டை_ரஸ்தா:

வாம்மா கயலு. நான் இந்த வேலைல 11 வருஷம், ஊரு பேருல இருக்கிற ஊருதான். வரிசையா சொல்ல எனக்கு வராது, ஞாபகம் வர்றபடி சொல்றேன்.

முதல்ல சர்டிபிகேட். நம்ம நாட்டுல பாலியல் கல்வியாளர்னு தனியா ஒரு லைசென்ஸ் கிடையாது. நீயும் போர்டு மாட்டலாம், மாசத்துக்கு ஒருநாள் லாட்ஜுல ரூம் போட்டு நரம்புத் தளர்ச்சிக்கு லேகியம் விக்கிறவரும் போர்டு மாட்டலாம். அமெரிக்காவுல ஆசெக்ட்னு ஒரு சங்கம் இருக்கு, 1967ல ஆரம்பிச்சது, கல்வியாளர், ஆலோசகர், தெரபிஸ்ட்னு தனித்தனியா சான்றிதழ் கொடுக்கிறாக, அதுக்கு டாலர்ல கட்டி உக்காந்து படிக்கிறது உன் இப்போதைய நிலைமைக்குத் தேவையில்லைங்கிறது என் கருத்து. ஆனா அவுக அதைத் தனித்தனியா பிரிச்சு வச்சிருக்கிறது நல்ல விஷயம், அதை மட்டும் எடுத்துக்க. கல்வியாளர் பத்து பேருக்குத் தகவல் சொல்றவ. ஆலோசகர் ஒருத்தர் எதிர உக்காந்து அவுக கதையைக் கேக்கிறவ. சிகிச்சை வேற ஆளு. உனக்கு எது தெரியுமோ அந்தக் கோட்டுக்குள்ள நில்லு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போட்டுக்கணும்னா ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு வேணும், சும்மா போட்டா கேசு. 2021ல வந்த துணை மருத்துவத் தொழில் சட்டத்தோட பட்டியல்ல எச்ஐவி கவுன்சிலர், குடும்பநல கவுன்சிலர், மருத்துவ சமூகப்பணியாளர் எல்லாம் இருக்கு, அதனால உன் எம்எஸ்டபிள்யூவைக் குறைச்சு நினைக்காதே.

படிக்கணும்னா டெல்லில டார்ஷின்னு ஒரு அமைப்பு, 1996ல ஆரம்பிச்சது, ஆன்லைன் கோர்ஸ் நடத்திருக்காக, அதைப் பாரு. யுனெஸ்கோ வழிகாட்டி ஒண்ணு இருக்கு, 2018ல திருத்தி வெளியிட்டது, 5 வயசுல ஆரம்பிச்சு 18க்கு மேல வரைக்கும் நாலு வயசுப் பிரிவா பிரிச்சு எந்த வயசுல என்ன சொல்லணும்னு போட்டிருக்கும், இலவசம்தான். அதைப் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு வச்சுக்க, ஹெட்மாஸ்டர் மேசைல வைக்கவும் உதவும், ஸ்பைரல் போட்ட புஸ்தகத்துக்கு ஒரு தனி மரியாதை இருக்கு.

ஆனா இந்த வேலைல பாதி, தமிழ்ல எந்த வார்த்தையைச் சொல்றதுங்கிறதுதான், அதுக்கு எவனும் கோர்ஸ் நடத்தல. ஆரம்பத்துல ஒரு காலேஜ்ல பசங்களுக்கு வகுப்பு. பிறப்புறுப்புன்னு சொன்னா பாடப்புஸ்தகம் மாதிரி இருக்கேன்னு ஒரு கூச்சத்துல, "அவங்கவங்க சாமானை அவங்கவங்க சுத்தமா வச்சுக்கணும்"னுட்டேன். செட்டிநாட்டுல நின்னுக்கிட்டு! சீர்ச் சாமான், வெங்கலச் சாமான், சாமான் அறைன்னு வீட்டுக்கு வீடு சொல்ற ஊருல! பின் பெஞ்சுல இருந்து ஒருத்தன் எந்திரிச்சு ரொம்ப பவ்யமா "மேடம், புளி போட்டு விளக்கலாமா?"ன்னான். ஹாலே குலுங்கிருச்சு, நானும் சிரிச்சுட்டேன். அன்னைக்கோட பூசி மெழுகுறதை விட்டுட்டேன். ஆணுறுப்பு, பெண்ணுறுப்பு, விரை, கர்ப்பப்பை, சுயஇன்பம், நேரா சொன்னா ரெண்டு நிமிஷம் சிரிப்பாக, மூணாவது நிமிஷம் கேக்க ஆரம்பிச்சிருவாக. "கைப்பழக்கம்"ங்கிற வார்த்தையை மட்டும் வாய்ல எடுக்காதே, அது அந்த லேகியக்காரர் பயமுறுத்தி வச்ச வார்த்தை, அதைச் சொன்ன உடனே பையன் மூஞ்சி வெளுத்துரும்.

காசு. ஸ்கூல் வாசல்ல போயி பாலியல் கல்வின்னு சொன்னா வாட்ச்மேனோட சரி. மத்திய அரசே 2005ல வளரிளம் பருவக் கல்வின்னு ஒரு திட்டம் கொண்டாந்து 2007ல பல மாநிலங்கள் அதை நிறுத்தி வச்சாக, அரசாங்கத்துக்கே அந்தப் பாடு. அதனால பக்க வாசல் வழியா போகணும். என் வருமானத்துல பெரிய பங்கு பாஷ் சட்டத்துல வருது, வேலை பாக்கிற இடத்துல பொண்ணுகளுக்கு நடக்கிற பாலியல் தொல்லையைத் தடுக்கிற சட்டம். 2013 சட்டம், 10 பேரும் அதுக்கு மேலயும் வேலை பாக்கிற இடத்துல உள்ளகப் புகார் குழு கட்டாயம், அதுல வெளியாள் ஒருத்தர் இருந்தாகணும், குழு வைக்கலைன்னா 50,000 ரூபாய் வரைக்கும் அபராதம். நம்ம பக்கம் பெரிய வீட்டையெல்லாம் ஹோட்டல் ஆக்கிருக்காகள்ல, ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, மில்லு, எல்லாத்துக்கும் ஆளு வேணும். அங்க உள்ள போயி பாஷ் பேசிட்டு, வேலை பாக்கிற பொண்ணுகளோட தனியா ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிருவேன், உண்மையான வேலை அந்த ஒரு மணி நேரம்தான். அப்புறம் டீச்சருக்குப் பயிற்சி, வெளியூர் அமைப்புகளுக்குத் தமிழ்ல பாடம் எழுதிக்கொடுக்கிறது, கல்யாணத்துக்கு முந்தி ஜோடியா வர்றவுக. முதல் ரெண்டு வருஷம் ஒரு வகுப்புக்கு 500 ரூபாயும் ஒரு சால்வையும். சால்வை 17 இருக்கு வீட்டுல, வேணும்னா சொல்லு. இப்ப அரை நாளைக்கு 4,000 கேக்கிறேன், கொடுக்கிறாக, ஆனா கைக்கு வர மூணு மாசம் ஆகும். மாசத்துல பாதி நாள் திருச்சி, மதுரை பஸ்லதான். சென்னைக்குக் குடி போக வேணாம்.

ரெண்டு_பிள்ளைக்கு_அப்பன்:

நான் கொஞ்சம் மாத்திக் கேக்கிறேன், கோவிச்சுக்காதீக. என் பொண்ணு ஏழாவது படிக்குது. யாரோ ஒருத்தவுக ஸ்கூலுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு பிள்ளைகளோட என்ன பேசுறாகன்னு பெத்தவுகளுக்குத் தெரிய வேணாமா? தெரியாததைத் தெரியவச்சு நாமளே ஆசையைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆயிராதா? நம்ம ஊருக்குன்னு ஒரு பழக்கம் இருக்குல்ல.

செக்காலை_மல்லி:

நான் சிறப்பாசிரியர், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளோட 14 வருஷமா இருக்கேன். கயல், அந்த காலிப்பர் போட்ட பொண்ணு கேட்ட கேள்வியை ஒரு பேப்பர்ல எழுதி செவுத்துல ஒட்டிக்கங்க.

எங்க பிள்ளைகளுக்கு யாரும் இதைச் சொல்றதே இல்ல, "இதுகளுக்கு எதுக்கு"ன்னு ஒரு நினைப்பு. ஆனா உடம்பு வளர்றதுக்கு ஐக்யூ சர்டிபிகேட் பாத்துக்கிட்டு நிக்குமா? பதிமூணு வயசானா பீரியட்ஸ் வரத்தான் செய்யும், பையனுக்கு மீசை வரத்தான் செய்யும். சொல்லாம விட்டதோட விளைவு என்னன்னா யாரு வந்து எங்க தொட்டாலும் அது தப்புன்னு சொல்ல பிள்ளைகிட்ட வார்த்தையே இருக்காது.

நான் எப்படி சொல்லித்தர்றேன்னு ஒண்ணு சொல்றேன், இது எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல, நம்ம ஊரு வீட்டுலேர்ந்து எடுத்தது. பொதுவா வட்டம் வட்டமா போட்டு அந்நியர், தெரிஞ்சவர், குடும்பம்னு கலர் அடிச்சு சொல்லுவாங்க, எங்க பிள்ளைகளுக்கு அந்த வட்டம் மண்டைல ஏறல. அப்ப ஒரு பெரிய அட்டைல செட்டிநாட்டு வீடு வரைஞ்சேன். முகப்பு, பட்டாலை, வளவு, ரெண்டாங்கட்டு, கடைசில கதவு போட்ட உள் ரூம். கேஸ்காரர், போஸ்ட்மேன் எங்க வரைக்கும் வருவார்? முகப்பு. அவருக்கு வணக்கம் மட்டும். சொந்தக்காரக வளவு வரைக்கும் வருவாக, அவுகளுக்குக் கை கொடுக்கலாம், பிடிக்கலைன்னா வேணாம். அம்மா, ஆயா ரெண்டாங்கட்டு, கட்டிப்பிடிக்கலாம். உள் ரூம்ல? யாரும் இல்ல, நீ மட்டும். துணி மாத்துறது, பேட் மாத்துறது, அந்தரங்க இடத்தைத் தொடுறது எல்லாம் அந்த ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு. டாக்டர் வந்தா அம்மா கூட இருக்கணும். ஒரு பையன், 19 வயசு, பேச்சு அவ்வளவா வராது, வகுப்புல கை வைக்கக் கூடாத இடத்துல கை போனா அவனே நிறுத்திட்டு "உள்ளூம், உள்ளூம்"னு சொல்லிக்கிட்டு எந்திரிச்சு பாத்ரூம் பக்கம் போயிருவான். அவனை அடிச்சு அடிச்சு சொல்லி நாலு வருஷமா நடக்காதது இது. அவங்க அம்மா அழுதுட்டாங்க.

பேட் வைக்கச் சொல்லித்தர குங்குமம் கரைச்ச தண்ணி, ஒரு துணிப் பொம்மை. பார்வை இல்லாத பிள்ளைகளுக்கு எல்லாத்தையும் கைல கொடுத்துத் தொட்டுப் பாக்க வைக்கணும், படம் காட்டிப் பிரயோசனம் இல்ல. காது கேக்காத பிள்ளைகளுக்கு சைகை மொழி தெரிஞ்ச ஆளை முன்னாடியே கூப்பிட்டு உக்காத்தி வச்சு எந்தச் சொல்லுக்கு எந்தச் சைகைன்னு பேசிக்கணும், இல்லைன்னா வகுப்புல பாதில அவர் கூச்சப்பட்டு கையைக் கட்டிக்குவார், எனக்கு நடந்திருக்கு.

சட்டம் நம்ம பக்கம் இருக்கு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 10, இனப்பெருக்கம், குடும்பநலம் பத்தின தகவல் அவங்களுக்குக் கிடைக்கணும்னு போட்டிருக்கு, அவங்க சம்மதம் இல்லாம மலடாக்குற எந்த சிகிச்சையும் கூடாதுன்னும் போட்டிருக்கு. 1994ல புனேவுல அரசு காப்பகத்துல இருந்த மனவளர்ச்சி குன்றிய பொண்ணுகளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தாங்களே, சுத்தமா வச்சுக்கத் தெரியலன்னு காரணம் சொல்லி, அது மாதிரி நினைப்பு இன்னைக்கும் நிறைய வீட்டுல இருக்கு. அம்மாக்களைத் திட்டாதீங்க, களைச்சுப் போயிருக்காங்க.

எங்க மையத்துல மாசாமாசம் அம்மாக்கள் கூட்டம் நடக்கும். வர்றீங்கன்னா தனிச் செய்தி போடுங்க.

வாசல்_அக்கா:

நான் திருநங்கை. ஒன்பது வருஷம் எச்ஐவி திட்டத்துல ஃபீல்டுல பியர் எஜுகேட்டரா (எங்க ஆளுங்களுக்கு நாங்களே சொல்லிக்கொடுக்கிற வேலை) இருந்தேன், ஆணுறை பை தோள்ல, பஸ் ஸ்டாண்டு, தியேட்டர் பின்னாடி, திருவிழா எல்லாம். ரெண்டு விஷயம் மட்டும் சொல்லிட்டுப் போறேன் கயலு கண்ணு.

ஒண்ணு, எங்களைப் பத்திப் பேசுறேன்னு கடைசி ஸ்லைடுல ஒரு திருநங்கை படத்தைப் போட்டு "இவர்களையும் மதிப்போம்"னு முடிக்காதே. வயித்தெரிச்சலா இருக்கும். எனக்கும் பல் வலி வரும், சர்க்கரை வரும், ஒருத்தர் மேல ஆசையும் வரும், எங்களைக் கண்டாலே எச்ஐவி டெஸ்ட்டுக்கு மட்டும் அனுப்புறாங்க. வகுப்பு எடுக்கணும்னா எங்கள்ல ஒருத்தியைக் கூப்பிடு, கூப்பிட்டா சால்வை போடாதே, காசு கொடு. நீ 2,000 வாங்குனா அவளுக்கு 1,000.

ரெண்டு, வார்த்தை. அரவாணின்னு இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காங்க. 2008லயே நம்ம மாநிலத்துல திருநங்கைகள் நல வாரியம் வந்தாச்சு, நாட்டுலயே முதல்ல. 2014ல உச்ச நீதிமன்றம் நல்சா தீர்ப்பு, நான் ஆணா பொண்ணா மூணாவதான்னு சொல்ற உரிமை எனக்குன்னு. 2018ல 377ஆம் பிரிவு தீர்ப்பு, ஒரே பாலினத்தவங்க விரும்பிச் சேர்றது குற்றமில்லன்னு. சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021ல ஒரு வழக்குல, எனக்கு இதைப் பத்தி முழுசா தெரியலன்னு தானே கவுன்சிலிங் உக்காந்து கத்துக்கிட்டு அப்புறம் தீர்ப்பு சொன்னார், ஆளை "மாத்துறேன்"னு சொல்ற சிகிச்சையையும் தடை பண்ணார். ஒரு ஜட்ஜே உக்காந்து படிச்சிருக்கார், மத்தவங்களுக்கு என்ன? அந்த வழக்குனாலதான் 2022ல அரசாங்கமே சொற்பட்டியல் வெளியிட்டுச்சு, திருநர் (டிரான்ஸ்ஜெண்டர்), திருநம்பி (டிரான்ஸ் ஆண்), ஊடுபால் (இன்டர்செக்ஸ்), தன்பாலீர்ப்பு எல்லாத்துக்கும் தமிழ்ல சொல்லு இருக்கு. அதைப் பாத்துக்க. ஆனா எதிர்ல உக்காந்திருக்கிற ஆளு தன்னை என்னன்னு சொல்றாங்களோ அதுதான் கடைசிச் சொல்லு, பட்டியல் அப்புறம்.

உனக்கு நல்லா வரும். அந்த ஹாஸ்டல் பொண்ணு உன்கிட்டதான வந்து கேட்டுச்சு, வார்டன்கிட்டயா கேட்டுச்சு?

ஓபி_சீட்டு:

அரசு மருத்துவமனைல டாக்டர். டியூட்டி நடுவுல எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

நீங்க மருந்து சொல்லக் கூடாது, அது தெரிஞ்சிருக்கும். ஆனா எங்க அனுப்பணும்னு மனப்பாடமா தெரிஞ்சிருக்கணும். எச்ஐவி டெஸ்ட்டுக்கு ஜிஎச்ல நம்பிக்கை மையம், இலவசம். பால்வினை நோய்க்கு சுகவாழ்வு மையம். எச்ஐவி பத்தி எந்தச் சந்தேகம்னாலும் 1097. யாராவது வந்து "நேத்து ஒரு தப்பு நடந்துருச்சு, ஆணுறை கிழிஞ்சுருச்சு"ன்னு சொன்னா ஆறுதல் சொல்லிக்கிட்டு உக்காந்திருக்காதீங்க, 72 மணி நேரத்துக்குள்ள எச்ஐவி தொத்தாம தடுக்கிற மாத்திரை ஆரம்பிக்கணும், 28 நாள் சாப்பிடணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஞாயித்துக்கிழமை நடந்ததை வியாழக்கிழமை வந்து சொல்றவங்கதான் அதிகம், யாருகிட்ட கேக்கிறதுன்னு தெரியாமயே மூணு நாள் போயிருது. 2017 எச்ஐவி சட்டத்துல சம்மதம் இல்லாம டெஸ்ட் எடுக்கக் கூடாது, முடிவை வெளிய சொல்லக் கூடாது, இதையும் சொல்லுங்க, அந்தப் பயத்துலதான் பாதிப் பேர் வர்றதில்ல. நாட்டுல முதல் எச்ஐவி தொற்றை 1986ல கண்டுபிடிச்சதே சென்னைலதான், டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும். அதுக்கு அப்புறம் இத்தனை வருஷம் ஆயும் ஓபில வந்து கதவை எட்டி எட்டிப் பாத்துக்கிட்டுத்தான் பேசுறாங்க.

போக்சோ (பிள்ளைகளைப் பாலியல் குற்றத்துலேர்ந்து காக்கிற சட்டம்) பத்தி யாரும் இன்னும் சொல்லல, அதுதான் முக்கியம். 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை உங்ககிட்ட தனக்கு நடந்ததைச் சொன்னா நீங்க ரகசியம் காக்க முடியாது. பிரிவு 19படி போலீசுக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியே ஆகணும், சொல்லலைன்னா பிரிவு 21ல ஆறு மாசம் வரைக்கும் சிறை. அதனால வகுப்பு ஆரம்பிக்கும்போதே, "நீங்க சொல்றதை யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், ஆனா உங்களுக்கு ஒருத்தர் தீங்கு பண்றாங்கன்னு தெரிஞ்சா உதவிக்கு ஆள் கூப்பிடுவேன்"னு சொல்லிருங்க. முதல்ல ரகசியம்னு சத்தியம் பண்ணிட்டு அப்புறம் போலீசோட போயி நின்னா அந்தப் பிள்ளை ஜென்மத்துக்கும் இன்னொருத்தரை நம்பாது. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098ஐ போர்டுல எழுதிட்டு வாங்க.

கூப்பிடுறாங்க, போறேன்.

தேவகோட்டை_ரஸ்தா:

@ரெண்டு_பிள்ளைக்கு_அப்பன் அண்ணே, நீங்க கேட்டதுல கோவிக்க ஒண்ணும் இல்ல, கேக்காம மனசுல வச்சுக்கிட்டு அப்புறம் ஸ்கூலுக்கு மொட்டைக் கடுதாசி போடுறவுகதான் எனக்குத் தலைவலி. கதவைச் சாத்திக்கிட்டு நடத்தக் கூடாது, நீங்க சொல்றது சரி. நான் எந்த ஸ்கூலுக்குப் போனாலும் முந்தின வாரம் பெத்தவுக கூட்டம் போட்டு எல்லா ஸ்லைடையும் ஒண்ணு விடாம ஓட்டிக் காட்டிருவேன். அப்படிக் காட்டாத ஆளை உங்க ஸ்கூலுக்குள்ள விடாதீக.

ஆசையைக் கிளப்புறது பத்தி, ஏழாவதுக்குச் சொல்றது என்னன்னு நினைக்கிறீக? உடம்பு மாறும், பயப்படாதே, பீரியட்ஸ்னா என்ன, யாராவது ஒரு மாதிரி தொட்டா யாருகிட்ட சொல்லணும், போன்ல போட்டோ கேட்டா அனுப்பாதே. இவ்வளவுதான். பல நாட்டு ஆய்வுகளைச் சேத்துப் பாத்து யுனெஸ்கோ வழிகாட்டிலயே எழுதிருக்கு, இந்தப் பாடம் படிச்ச பிள்ளைகள் அதனால சீக்கிரம் உறவுல இறங்குறதில்லன்னு. உங்க பொண்ணு கைல போன் இருந்தா அவளுக்கு ஏற்கெனவே ஒரு வாத்தியார் இருக்கார் அண்ணே, அவரு ஸ்லைடைத்தான் நீங்க பாத்ததில்ல.

அப்புறம் ஊருப் பழக்கம். பொண்ணு பெரிய மனுஷி ஆனா பந்தல் போட்டு, மைக் செட் கட்டி, ஃபிளெக்ஸ் அடிச்சு ஊருக்கே சொல்றோம். நம்மதான் சொல்றோம். அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் என்ன நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேங்கிறோம். இதுக்கு மேல கோயில் சிற்பத்தைப் பாருங்கன்னு ஆரம்பிக்க மாட்டேன், அந்த வாதம் புளிச்சுப் போச்சு.

ரெண்டு_பிள்ளைக்கு_அப்பன்:

ஃபிளெக்ஸ் நானும் அடிச்சேன் போன வருஷம். சரி. பெத்தவுக கூட்டம் எங்க ஸ்கூல்ல போட என்ன பண்ணணும்?

கல்லுக்கட்டி_கயல்:

மூணு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். எல்லாருக்கும் தனித்தனியா நன்றி சொன்னா ரெண்டு பக்கம் ஆகும்.

மல்லி அக்கா மையத்துல அம்மாக்கள் கூட்டத்துக்குப் போனேன். 14 அம்மாக்கள், ஒரு அப்பா, அவர் கடைசி வரைக்கும் செருப்பைக் கழட்டாம வாசப்படிலேயே நின்னாரு, ஆனா போகல. யாரும் வாயைத் தொறந்து கேக்க மாட்டாகன்னு தெரியும், அதனால பேர் போடாம எழுதிப் போட ஒரு பெட்டி கொண்டு போனேன். பெட்டின்னா எங்க ஆயாவோட மனகோலம் பலகார டின்னு, மூடில ஓட்டை போட முடியாதுன்னு மூடிய லேசா தொறந்து வச்சுட்டேன். சீட்டைப் பிரிச்சா முக்கால்வாசி ஒரே கேள்வி, நான் செத்த பிறகு இவளை யாரு பாத்துக்குவா. அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம நின்னேன், அந்த ஸ்பைரல் புஸ்தகத்துல அது இல்ல. ஒரு சீட்டுல "பொண்ணுக்குக் கர்ப்பப்பையை எடுத்துறலாமான்னு கேட்டா நான் கெட்ட அம்மாவா"ன்னு பென்சில்ல எழுதிருந்துச்சு. இல்லைன்னு முதல்ல சொல்லிட்டு, பேட் மாத்தப் பழக்குறது எப்படின்னு துணிப் பொம்மையும் குங்குமத் தண்ணியும் வச்சு மல்லி அக்காவும் நானும் செஞ்சு காட்டுனோம், அதுக்கு அப்புறம்தான் சட்டத்தைப் பத்தி சொன்னேன். அப்பா ஒருத்தர் நின்னார்னு சொன்னேன்ல, அவர் போறப்ப என்கிட்ட "பையனுக்கு ஷேவிங் நான் சொல்லித்தரலாம்ல?"ன்னு மட்டும் கேட்டுட்டுப் போனாரு.

1,200 ரூபாயும் மதியச் சாப்பாடும். சால்வை இல்ல. அடுத்த மாசம் வாசல் அக்காவோட சேந்து ஒரு நர்சிங் காலேஜ், காசு சரி பாதி. ரஸ்தா அக்கா கை காட்டுன ஒரு ஹோட்டல்ல பாஷ் குழுவுக்கு வெளியாளா பேசிக்கிட்டு இருக்காக, கையெழுத்து ஆகல.

அம்மா இன்னும் ஹெல்த் டிபார்ட்மென்ட்தான். ஒரு ஜாதகம் வேலையைக் கேட்டுட்டு திரும்பிருச்சு, இன்னொண்ணு திரும்பல, பாப்போம்.

ஆயாகிட்ட ஒருவழியா விளங்கச் சொல்லிட்டேன். டின்னுல இருந்த சீட்டையெல்லாம் பேர் இல்லாததால வாசிச்சே காட்டுனேன். வெத்தலையை இடிக்கிறதை நிறுத்திட்டுக் கேட்டாக. அப்புறம் சொன்னாக, ஐயா (தாத்தாதான்) மலேயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்குப் போயிட்டு மூணு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்த வருஷம் இவுகளுக்குக் கீழ ஒரு எரிச்சலும் புண்ணும் வந்துச்சாம், ஆறு மாசம் யாருகிட்டயும் சொல்லலையாம், மாமியாகிட்ட சொன்னா புருஷனைக் குத்தம் சொன்ன மாதிரி ஆயிரும்னு. கடைசில ஒரு டாக்டரம்மா ஊசி போட்டு சரியாச்சு, என்ன சீக்குன்னு அவுகளும் சொல்லல, இவுகளும் கேக்கல. அது என்னவா இருக்கும்டின்னு என்கிட்ட கேட்டாக. 86 வயசு. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொன்னேன். கொஞ்ச நேரம் வளவுல வெயில் விழுறதைப் பாத்துக்கிட்டு இருந்துட்டு, "ஐயா நல்லவுகதான்"னாக. நான் ஒண்ணும் பேசல.

சாயங்காலம் கூப்பிட்டு, தீபாவளிக்குப் பலகாரம் போடணும், அந்த டின்னைக் கழுவிக் காய வச்சுக் கொண்டா, உன் வேலைக்கு வேற டின்னு வாங்கிக்கன்னு 200 ரூபா கொடுத்தாக.